பெட்டிக் கடைக்கு ஆறடி இடம்! சட்டம் ஜவ்வாது மலை ஏறுமா?

பொழுது சாய்கிறது. அடிவாரத்தில் இருந்து கிளம்பிய பஸ், வளைவு வளைவாக மூச்சு வாங்கி ஏறி, ஜமுனாமரத்தூரில் வந்து நிற்கிறது.

இறங்கும் கூட்டத்தில் யார் இல்லை? கீழே வேலை பார்த்துத் திரும்பும் குமாஸ்தா. கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு அலைந்து வந்தவர். சரக்கு எடுத்து வந்த மளிகைக்காரர். காலேஜ் பையன். இறங்கியதும் இவர்கள் தேடுவது மூன்றே மூன்று. ஒரு கிளாஸ் டீ. ஒரு பேப்பர். வீட்டுக்கு வாங்கிப் போக ஒரு கூறு பழம்.

மூன்றும் கிடைப்பது ரோட்டோரத்தில்தான்.

பெட்டிக் கடைப் பலகையில் பேப்பர் கட்டு. கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் வாரப் பத்திரிகைகள். முன்னால் சாய்த்து வைத்த தட்டியில் கொட்டை எழுத்துப் போஸ்டர். பக்கத்தில் சாக்கு விரித்து, சீத்தாப்பழத்தைக் கூறு கட்டி உட்கார்ந்திருக்கும் மலைவாழ் பெண். மலை ஏறும் எந்தப் பாதையிலும் பார்க்கும் காட்சிதான் இது.

இந்தக் கடை அங்கே இருக்க உரிமை உண்டா? அந்த உரிமையைக் கொடுத்தது யார்? நாளைக் காலை ஒருவர் ஜீப்பில் வந்து "எடுய்யா கடையை" என்றால் எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி சின்னது. பதிலைத் தேடிப் போனால்தான் தலை சுற்றுகிறது!

மூன்று எஜமானர்கள்

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மாவட்டம் மூன்று என்றால், ரோட்டோரக் கடைக்கு எஜமானரும் மூன்று!

பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. அதன் எல்லைக்குள் ஆக்கிரமிப்பு இருந்தால் அகற்ற 2001-ம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. ஊருக்குள் இருக்கும் தெரு ஊராட்சியைச் சேர்ந்தது. அங்கே 1994-ம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். ரோட்டை விட்டு நாலு அடி தள்ளிப் போய்விடலாம் என்றால், பல இடங்களில் அது காடு. வனத்துறை வந்து நிற்கும்.

மூன்று பேருக்கும் "எடு" என்று சொல்ல அதிகாரம் இருக்கிறது. "இங்கே வை" என்று சொல்ல வேண்டிய கடமை யாருக்கு? அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

அதனால் என்ன ஆகிறது? எழுதாத விதி ஒன்று முளைக்கிறது. மேலே இருப்பவர் மனசு வைத்தால் கடை இருக்கும். மனசு வைக்காவிட்டால் கடை போகும். விழா வந்தால் போகும். பெரிய மனிதர் கார் வந்தால் போகும். கார் திரும்பிப் போனதும் கடை மறுபடி முளைக்கும். அடுத்த கார் வரும்வரை!

இது சட்டமும் இல்லை. கருணையும் இல்லை. இதற்குப் பெயர் தயவு. தயவில் பிழைப்பவன் என்றைக்கும் பயந்துதான் பிழைக்க வேண்டும். பயந்தவனிடம் மாமூல் கேட்பது ரொம்பச் சுலபம்!

அமெரிக்காவில் ஒரு பெட்டி

இதே தகராறு அமெரிக்காவிலும் நடந்தது. அங்கே பிளாட்பாரத்தில் பேப்பர் விற்றது ஆள் அல்ல, ஓர் இரும்புப் பெட்டி. காசு போட்டால் கதவு திறக்கும். உள்ளே மொத்தக் கட்டும் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்த வேண்டும். மிச்சத்தைத் தொடாமல் விடுவது அவரவர் நாணயம்.

பெட்டிகள் பெருகின. நடக்க இடைஞ்சல், ஊர் அழகு கெடுகிறது என்று நகரசபைகள் கண்ணை உருட்டின.

ஒகியோ மாநிலத்தில் லேக்வுட் என்று ஓர் ஊர். பிளாட்பாரத்தில் பேப்பர் பெட்டி வைக்க மேயரிடம் பெர்மிட் வாங்க வேண்டும் என்று அந்த ஊர் விதி போட்டது. கொடுப்பதும் மறுப்பதும் மேயர் கையில். தேவை என்று அவர் நினைக்கும் நிபந்தனைகளைச் சேர்க்கவும் செய்யலாம். 'பிளெயின் டீலர்' என்ற பத்திரிகை கோர்ட்டுக்குப் போனது. 1988-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அந்த விதியைத் தள்ளுபடி செய்தது.

காரணம் என்ன? "நகரசபைக்கு ஒழுங்குபடுத்த உரிமையே இல்லை" என்று கோர்ட்டு சொல்லவில்லை. எந்த அளவுகோலும் எழுதி வைக்காமல் ஒரே மனிதரின் இஷ்டத்துக்கு விட்டதுதான் தப்பு என்றது. இன்றைக்கு எனக்குப் பிடித்த பேப்பருக்கு இடம், நாளைக்கு என்னைத் திட்டிய பேப்பருக்கு இடம் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா?

1993-ல் இன்னொரு வழக்கு. சின்சினாட்டி நகரம், விளம்பர இதழ்கள் வைத்திருந்த 62 பெட்டிகளை மட்டும் எடுக்கச் சொன்னது. பாதுகாப்பு, அழகு என்று காரணம் காட்டியது. ஊரில் மொத்தம் இருந்த பெட்டிகளோ 1,500-க்கும் மேல். அந்த 62 போனால் பிளாட்பாரம் எவ்வளவு அகலமாகிவிடும்? கோர்ட்டு அந்த நடவடிக்கையை ஏற்கவில்லை.

இந்த இரண்டு வழக்கும் சொல்லும் பாடம் ஒன்றுதான். ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கு காகிதத்தில் இருக்க வேண்டும். ஆபீசர் மனசில் இருந்தால் போதாது.

சென்னை மாகாணம் தந்த தீர்ப்பு

இந்த விஷயத்தில் நம் ஊர் அமெரிக்காவுக்குப் பின்னால் நிற்கவில்லை. 1950-ம் ஆண்டு. அரசியல் சட்டம் அமலுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பம்பாயில் இருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகையைச் சென்னை மாகாணத்துக்குள் நுழைய விடமாட்டோம் என்று சென்னை அரசு தடை போட்டது. அதை நடத்திய ரொமேஷ் தாப்பர் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

அதில் கோர்ட்டு சொன்ன கருத்து, இன்றைக்கும் பேப்பர் கடைக்காரர் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது. அச்சடிக்க மட்டும் உரிமை இருந்து பயன் இல்லை. அது மக்கள் கைக்குப் போய்ச் சேரவும் உரிமை இருக்க வேண்டும்.

கைக்குச் சேர்ப்பவர் யார்? பெரிய பில்டிங்கில் உட்கார்ந்திருக்கும் முதலாளியா? இல்லை. விடிகாலையில் கட்டைப் பிரித்து அடுக்குகிறாரே, அந்தப் பெட்டிக் கடைக்காரர்தான்!

அதற்காகப் பேப்பர் விற்பவருக்கு மட்டும் தனிச் சலுகை கேட்பது நியாயம் ஆகாது. பழக்கூடைக்காரம்மாவுக்கும் வயிறு ஒன்றுதான். 1989-ல் டெல்லி நடைபாதை வியாபாரிகள் தொடர்ந்த சோதான் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதையும் தெளிவாக்கியது. தெருவோரத்தில் வியாபாரம் செய்வது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் வரும். ஆனால் அதற்கு நியாயமான கட்டுப்பாடு போடலாம். இதே இடம்தான் எனக்கு நிரந்தரம் என்று யாரும் பட்டா கேட்க முடியாது.

கடைக்காரருக்கும் ஒரு பங்கு, நடப்பவருக்கும் ஒரு பங்கு. தராசு நேராக நின்றது.

நகரத்துக்கு வந்த பாதுகாப்பு

தராசு நின்றதே தவிர, படிக்கல் வர மேலும் 25 ஆண்டுகள் ஆயின. 2014-ல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. அந்த ஆண்டு மே 1-ந்தேதி, தொழிலாளர் தினத்தன்று, அமலுக்கும் வந்தது. தமிழ்நாட்டில் 2015-ல் அதற்கான விதிகளும் திட்டமும் போடப்பட்டன.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் கணக்கு எடு. 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது எடு. கணக்கு எடுத்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் விரட்டாதே. ஊர் ஜனத்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கு. எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்று வரைபடம் போடு.

இதை முடிவு செய்ய நகர விற்பனைக் குழு. அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

கடையை மாற்ற வேண்டுமா? 30 நாள் நோட்டீசு கொடு. சரக்கைப் பறிமுதல் செய்தாயா? உரியவர் வந்து கேட்டால், கெடாத சரக்கை 2 வேலை நாளில் திருப்பிக் கொடு. அழுகும் சரக்காக இருந்தால் அன்றைக்கே கொடு!

"அன்றைக்கே" என்ற அந்த ஒரு வார்த்தையின் அருமை, சீத்தாப்பழம் விற்பவருக்குத்தான் தெரியும். காலையில் பழுத்த பழம் மறுநாள் கறுத்துவிடும். பேப்பரும் அப்படித்தான். நேற்றுப் பேப்பரை எடைக்குப் போடலாம், விற்க முடியாது. இரண்டுமே ஒரு நாள் சரக்கு!

நகரங்களில் இந்தச் சட்டம் எழுத்துக்கு எழுத்து நடக்கிறதா என்றால், நடைபாதை வியாபாரிகள் ஆயிரம் குறை சொல்வார்கள். சொல்லட்டும். குறை சொல்லக் கையில் ஒரு சட்டப் புத்தகமாவது இருக்கிறது.

மலை அடிவாரத்தில் நின்ற சட்டம்

ஜவ்வாது மலைக்காரருக்கு? அங்கேதான் இடிக்கிறது.

2014 சட்டம் நகர்ப்புறத்துக்கு மட்டும் எழுதப்பட்டது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று அதன் கை நீளுகிறது. கிராம ஊராட்சி வரை நீளவில்லை. வேலூர் மாநகராட்சியில் தள்ளுவண்டி வைத்திருப்பவருக்கு அந்தச் சட்டம் உண்டு. திருப்பத்தூர் நகராட்சியில் பேப்பர் விற்பவருக்கு உண்டு. அங்கிருந்து பஸ் ஏறி மலைக்கு வந்து, ஊராட்சி எல்லைக்குள் சாக்கு விரித்தால் கிடையாது!

பஸ் மலை ஏறுகிறது. பேப்பர் கட்டு ஏறுகிறது. ஓட்டுப் பெட்டி ஏறுகிறது. சட்டம் மட்டும் அடிவாரத்தில் இறங்கி நின்றுவிட்டது!

நஷ்டம் கௌரவத்தோடு முடியவில்லை, பணத்திலும் இருக்கிறது. 2020-ல் கொரோனா காலத்தில், தெரு வியாபாரிகளுக்கு முதல் தவணையாக 10 ஆயிரம் ரூபாய் வரை கடன் தரும் ஸ்வநிதி திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. நகர்ப்புறத்தில் விற்பவர்களுக்கான திட்டம் அது. நகர அமைப்பு கொடுக்கும் சான்றிதழோ சிபாரிசுக் கடிதமோ கையில் வேண்டும். மலையில் உட்கார்ந்து மலையிலேயே விற்கும் பெண் அந்தக் கடிதத்துக்கு யாரிடம் போவாள்?

காகிதம் இல்லாதவனுக்குப் பாங்கி கதவு திறக்காது. வட்டிக்காரர் வீட்டுக் கதவுதான் திறந்திருக்கும்.

நடப்பவனும் மனிதன்தானே!

கடைக்காரர் பக்கம் மட்டும் பேசினால் அது பாதி நியாயம். நடந்து போகிறவர் கதை என்ன?

மலை ரோட்டில் பிளாட்பாரம் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. தார் முடியும் இடத்தில் மண். அந்த மண்ணில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கின்றன. தலையில் விறகுக் கட்டோடு பெண்கள் நடக்கிறார்கள். கைக்கோல் ஊன்றிய பெரியவர் நடக்கிறார். அந்த ஒற்றை மண் ஓரத்தையும் கடை பிடித்துக்கொண்டால், அவர்கள் தாரில் இறங்க வேண்டும். வளைவில் திரும்பும் லாரிக்கு அது தெரியுமா?

கொண்டை ஊசி வளைவில் கடை போட்டு, கார்க்காரர் அங்கேயே பிரேக் போட்டுப் பழம் வாங்கினால், பின்னால் வருகிறவன் கதி என்ன? அந்த இடத்தில் "எடு" என்று சொல்லும் அதிகாரி எதிரி அல்ல. உயிரைக் காப்பாற்ற வந்தவர்.

இதற்கும் அளவு இருக்கிறது. நகரத் தெருக்களில் நடப்பவருக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று இந்திய சாலை காங்கிரசின் 2012-ம் ஆண்டு வழிகாட்டி சொல்லியது. கிட்டத்தட்ட ஆறடி. இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றை ஒன்று கடந்து போகும் அகலம். கடை, மரம், கம்பம், பெஞ்சு எல்லாம் அந்த ஆறடிக்கு வெளியே.

நகரத்துக்குச் சொன்ன அந்த அளவை மலை ஊர்க் கடைத்தெருவில் பிடித்தால் யார் குடி முழுகிவிடும்?

ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே வைனு பாப்பு வானாய்வுக்கூடம். 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி. 1986-ல் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அந்தக் கூடத்துக்கு வைனு பாப்புவின் பெயரைச் சூட்டினார். வானத்து நட்சத்திரத்தை அளக்கும் மலையில், ரோட்டோரத்தில் ஆறடி அளந்து கோடு போட ஆள் இல்லையா?

கிராமசபை எழுதட்டும்

டெல்லியில் சட்டம் திருத்தி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கு நாட்களிலும் கிராமசபை கூடுவது வழக்கம். 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து, ஆண்டுக்கு ஆறு கூட்டம் என்று ஆக்கினார்கள்.

இந்தக் கூட்டங்களில் ஒன்றில் மலை ஊராட்சிகள் தீர்மானம் போடட்டும். நாலு வரி போதும்.

ஒன்று: ரோட்டோரம் விற்பவர் யார் யார் என்று பெயர் எழுது. பேப்பர், பழம், தேன், டீ என்று எல்லாரையும் எழுது.

இரண்டு: நெடுஞ்சாலை, வனம், ஊராட்சி மூவரும் ஒரே நாளில் வந்து, சுண்ணாம்புக் கோடு போடட்டும். கோட்டுக்கு உள்ளே ஆறடி நடப்பவருக்கு. வெளியே கடை. வளைவிலும், பாலத்திலும், பள்ளிக்கூட வாசலிலும் கடை கூடாது.

மூன்று: ரசீது கொடு. என்ன கட்டணம், எத்தனை மாதம் என்று எழுதிக் கொடு. ரசீது உள்ள இடத்தில் மாமூலுக்கு வேலை இல்லை.

நான்கு: எடுக்கச் சொல்வதானால் 30 நாள் முன்னால் எழுத்தில் சொல். மாற்று இடத்தையும் அதே காகிதத்தில் சொல்.

ஊராட்சியின் தீர்மானம் நெடுஞ்சாலைத் துறையைக் கட்டிப்போடாது என்பது உண்மை. ஆனால் ஊரே கூடி எழுதிய காகிதத்தைத் தாண்டிப் போக எந்த ஆபீசரும் கொஞ்சம் யோசிப்பார். மூன்று மாவட்டக் கலெக்டர்களும் அந்தத் தீர்மானத்தின் மேல் ஓர் உத்தரவு போட்டால் வேலை முடிந்தது.

"ஒருத்தனுக்கு இடம் கொடுத்தா ஒன்பது பேர் வருவான் சார்!" என்பார்கள். வரட்டுமே! கோடு எத்தனை கடைக்கோ அத்தனை கடை. மிச்சம் இருப்பவருக்குக் குலுக்கல். ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய ஜனங்களுக்கு இது புரியாதா? கோடே இல்லாத இடத்தில்தான் ஒன்பது பேர் அடித்துக்கொள்கிறார்கள்.

"எல்லாம் செல்போனில் வந்துவிட்டது, பேப்பர் கடை எதற்கு?" என்றும் கேட்பார்கள். அமெரிக்காவிலும் அந்த இரும்புப் பெட்டிகள் குறைந்துகொண்டே போகின்றன. வாசகர் விலகியதால் ஒரு கடை மூடினால் அது காலத்தின் கணக்கு. அதை யாரும் தடுக்க முடியாது. வாசகர் வாசலில் நிற்கும்போது ஜீப் வந்து மூடினால் அது வேறு கணக்கு. அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

பெட்டிக் கடை பேப்பர் மட்டுமா விற்கிறது? கடைசி பஸ் போய்விட்டதா என்று சொல்வதும் அந்தக் கடைதான். மனு எழுத ஒரு வெள்ளைத்தாள் கொடுப்பதும் அந்தக் கடைதான். எழுத்துத் தெரியாத பெரியவருக்குத் தலைப்பைப் படித்துச் சொல்வதும் அந்தக் கடைதான்.

அந்தக் கடைக்காரர் இலவசமாக எதையும் கேட்கவில்லை. அவர் கேட்பது ஒரு கோடு, ஒரு ரசீது, 30 நாள் நோட்டீசு.

பஸ் ஏறும் மலைக்கு இந்த மூன்றும் ஏறக் கூடாதா? அடுத்த கிராமசபையில் கை தூக்கிக் கேளுங்கள்!